முதலில் வந்தவர் யார் என்பது மட்டுமா நமது வரலாறு?

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு கோபம் வந்தால் பின்னூட்டத்தில் திட்டலாம். வாசிக்காமல் திட்ட வேண்டாம்.

நமது பகுதியின் வரலாறு இந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் எழுதப்பட்ட அளவுக்கு முன்னெப்போதும் எழுதப்படவில்லை. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர், படுவான்கரை என்று எந்த ஊரை எடுத்தாலும் அந்த ஊர்க் கதையை எழுத ஓர் ஆள் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிபர் எழுதுகிறார். கட்டாரில் வேலை செய்யும் பொடியன் இரவு அறைக்கு வந்த பிறகு எழுதுகிறான். கனடாவில் இருக்கும் அக்கா பழைய அல்பத்தைப் படம் பிடித்துப் போடுகிறார். முன்பு ஒரு நூல் வெளியிட வேண்டுமென்றால் அச்சகத்துக்குக் காசு வேண்டும், அணிந்துரைக்கு ஆள் வேண்டும், மண்டபம் வேண்டும். இன்று கையில் ஒரு போன் போதும்.

இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "வரலாறு எழுதப் பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கண்டவர்களெல்லாம் ஏன் எழுத வேண்டும்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏட்டுப் பிரதிகளில் கிடந்த மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் அச்சில் கொண்டுவந்தவர் வித்துவான் எப்.எக்ஸ்.சி. நடராசா. மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலை 1964இல் தந்தவர் பண்டிதர் வி.சீ. கந்தையா. இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். தமிழ் படித்தவர்கள், தம் ஊர் மேல் பற்று வைத்தவர்கள். அவர்கள் "இது நம் வேலையில்லை" என்று இருந்திருந்தால் இன்று பல்கலைக்கழகத்துக்கும் கையில் எடுக்கப் பாதி கூட இருந்திருக்காது.

ஆகவே எல்லோரும் எழுதட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எழுதப்படுவது எல்லாம் ஒரே வகையல்ல. அந்த வகைகளுக்குள் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கல்லடிப் பாலத்தையே எடுப்போம். அந்த ஒரு பாலத்தைப் பற்றி எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒருவர் தகவல் எழுதுகிறார்: 1924இல் திறந்தது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம், 2013இல் பக்கத்தில் புதுப் பாலம். இன்னொருவர் நினைவு எழுதுகிறார்: எதிர்ப்பக்கத்து பஸ் பாலத்தைக் கடந்து முடியும் வரை இந்தப் பக்கம் காத்து நின்றது, இரும்புச் சட்டங்களுக்கு இடையில் தெரிந்த வாவி, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தது. மூன்றாமவர் படம் போடுகிறார். நான்காமவர் பாடும் மீனைப் பற்றி எழுதுகிறார். ஐந்தாமவர் வந்து, "இந்தப் பாலம் யாருடைய ஊரில் இருக்கிறது தெரியுமா" என்று தொடங்குகிறார். அவ்வளவுதான். முதல் நான்கு பேரும் எழுதியதை அதற்குப் பிறகு யாரும் வாசிப்பதில்லை.

முதல் நான்கு வகையும் நமக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பலம், ஒவ்வொரு பலவீனம்.

தகவல் எழுதுபவரை எளிதில் சரிபார்க்கலாம். "1900இல் எடுத்த கல்லடிப் பாலப் படம்" என்று யாராவது போட்டால், பாலம் திறந்ததே 1924இல்தான் என்று தரம் 6 பிள்ளையும் சொல்லிவிடும். நினைவு எழுதுபவரை அப்படிச் சரிபார்க்க முடியாது. ஆண்டு பிசகும், ஆள் மாறும். ஆனால் ஒரு சோதனைச் சாவடியில் ஒரு தாய் எப்படி நின்றாள் என்பது எந்த அரச அறிக்கையிலும் வராது. அது நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

படம் போடுபவர்களின் அருமையை நம்மைப் போன்ற கரையோரத்து மக்களுக்கு யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடியில், கல்லடியில், டச்பாரில், காத்தான்குடிக் கடற்கரையில் வீட்டோடு அல்பமும் போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சரிந்த கோபுரத்தை எல்லோரும் படம் எடுத்தார்கள். ஆனால் அலை வருவதற்கு முன் அந்தத் தெரு எப்படி இருந்தது, அங்கே யார் யார் வீடு, வாசலில் யார் நின்றார்கள் என்று காட்டும் படம் அங்கு வாழ்ந்தவர்களிடமே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பெட்டிக்குள் கிடந்த ஒரு கல்யாணப் படம் அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது சும்மா ஒரு லைக் போட்டுக் கடந்து போகும் விடயமல்ல. அதனால்தான் சொல்கிறேன்: படத்தைப் போடும்போது ஆண்டு, இடம், யாரிடம் இருந்து கிடைத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். "பழைய நினைவு" என்று மட்டும் எழுதினால், அடுத்த தலைமுறைக்கு அது யாரோ நிற்கும் ஒரு படம்தான்.

பாடும் மீனுக்கு வருவோம். எமர்சன் ரெனன்ட் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அயர்லாந்துக்காரர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இந்த ஒலியைப் பற்றி விசாரித்தார். நிலவில் தோணியில் போய்த் தானே கேட்டார். 1859இல் வெளிவந்த தன் நூலில் அதை எழுதினார். சத்தம் மீனில் இருந்து அல்ல, ஒருவகைச் சிப்பியில் இருந்து வருகிறது என்று நமது மீனவர்கள் சொன்னதாகவும், அதற்கு அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார். அந்தப் பெயரில் "ஊரி" என்ற சொல் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு நல்ல பழக்கமும் ஒரு குறையும் சேர்ந்தே இருக்கின்றன. எப்போது கேட்டேன், எப்படிக் கேட்டேன், மற்றவர் என்ன சொன்னார், நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் பிரித்துப் பிரித்து எழுதினார். 170 வருடத்துக்குப் பிறகும் நாம் அதைப் பயன்படுத்த முடிவது அதனால்தான். குறை என்ன? தோணி வலித்த அந்த மீனவர்களின் பெயர் இல்லை. தமிழா, முஸ்லிமா, எந்த ஊர், ஒன்றும் இல்லை. அறிவு அவர்களுடையது, புத்தகம் ரெனன்டுடையது. இன்று போன் வைத்திருக்கும் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம் இதுதான். நமக்குச் சொன்னவர் பெயரை எழுதலாம்.

இனி அந்த ஐந்தாவது வகை. "முதலில் வந்தவர் நாங்கள்" என்ற வகை.

இரு பக்கமும் அடிக்கடி தூக்கிப் போடும் ஒரு செய்தி இருக்கிறது. 1626இல் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று 4000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது அந்தச் செய்தி. இதை வைத்துக்கொண்டு ஒருவர் "பார்த்தீர்களா, 1626இல்தான் வந்தீர்கள்" என்கிறார். மற்றவர் "பார்த்தீர்களா, மன்னனே தந்த மண்" என்கிறார். இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் பிடித்து இழுக்கிறார்கள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது? குவேறோஸ் என்ற போர்த்துக்கீசப் பாதிரியார் கோவாவில் இருந்து எழுதி 1688 அளவில் முடித்த நூலில் இருந்து. அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 60 வருடத்துக்குப் பிறகு. ஆங்கிலத்தில் அது 1930இல் கொழும்பில் அச்சானது. 4000 என்பது எண்ணிப் பார்த்த கணக்கா, "ஏராளம்" என்பதற்கு எழுதிய முழு எண்ணா என்று முதலில் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வரி என்ன சொல்லவில்லை என்பது. 4000 பேர் வந்தார்கள் என்ற செய்தி, அதற்கு முன் ஒருவரும் இருக்கவில்லை என்ற செய்தி அல்ல. மன்னன் குடியேற்றினான் என்ற செய்தி, ஏற்கனவே இருந்தவர்களுக்கு உரிமை இல்லை என்ற செய்தியும் அல்ல. இந்த இரண்டையும் நாமே கூட்டிச் சேர்த்துக்கொண்டு சண்டை பிடிக்கிறோம்.

எண்களைப் பற்றி நமது முன்னோடி ஒருவர் எப்போதோ எச்சரித்துவிட்டார். இப்னு கல்தூன் 1377இல் முடித்த முகத்திமாவில், நபி மூஸாவின் படையில் 6 இலட்சம் பேர் இருந்தார்கள் என்று எழுதிய சரித்திர ஆசிரியர்களைக் கேள்வி கேட்கிறார். அந்த நிலம் அத்தனை பேரைத் தாங்குமா, அத்தனை பேர் ஒரே களத்தில் நின்று போரிட முடியுமா என்று கணக்குப் பார்க்கிறார். முஸ்லிம்களாகிய நாம் ஹதீஸ் விடயத்தில் இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசை பார்க்கும் சமூகம். அதே நாம் ஊர் வரலாற்றில் மட்டும் "அனுப்பப்பட்ட செய்தி" என்று மேலே எழுதியிருப்பதைக் கூடக் கவனிக்காமல் இருபது குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். பள்ளியில் ஒரு நியாயம், வட்ஸ்அப்பில் ஒரு நியாயமா?

இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரையை ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். இருவரும் படித்தவர்கள், இருவரும் ஆதாரம் காட்டினார்கள். ஆனால் காலத்தைப் பாருங்கள். கட்டுரைக்கு அடுத்த வருடம், 1889இல்தான், சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்கு முதன்முதலாக ஒரு நியமன உறுப்பினர் கிடைத்தார். மேசையில் இருந்தது வரலாறு, மேசைக்குக் கீழே இருந்தது ஆசனம்.

இன்றும் அப்படித்தான். "யார் முதலில்" என்று சூடு பிடிக்கும் பதிவுகளுக்குப் பின்னால் ஒரு காணித் துண்டு, ஒரு பிரதேச எல்லை, ஒரு தேர்தல் இருக்கும். காணிப் பிரச்சினை இருந்தால் அதைப் பேசத்தான் வேண்டும். மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைக் காணி உறுதியோடும் நில அளவை வரைபடத்தோடும் பேசுங்கள். குவேறோஸ் பாதிரியார் உங்கள் வேலியைத் தீர்த்து வைக்க மாட்டார்.

இந்த வகை மற்ற வகைகளை எப்படி விழுங்குகிறது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, ஊர்ப் பெயர்க் கதை. முக்குவரும் பட்டாணியரும் சேர்ந்து திமிலரை விரட்டினார்கள், எதிரிகளை முடித்த இடம் சத்துருக்கொண்டான், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, எதிரி திரும்ப ஏறாதபடி காவல் வைத்த ஊர் ஏறாவூர் என்று ஒரு கதை நம்மிடம் உண்டு. இதை வைத்து இன்று "எங்கள் ஆட்கள்தான் காப்பாற்றினார்கள்", "எங்கள் ஆட்கள்தான் இடம் கொடுத்தார்கள்" என்று இரண்டு அணி. இந்தக் கதையை வைத்துப் போர் நடந்த ஆண்டைக் கணக்கிட முடியாது. அது வேறொன்றைச் சொல்கிறது. ஒரு காலத்தில் நம் இரு சமூகத்துப் பெரியவர்களும், நாம் சேர்ந்து நின்றோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பினார்கள். அப்படி ஒரு கதையை இரு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததே ஒரு வரலாற்றுச் செய்திதான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்துக்கு அடிபடுகிறோம்.

இரண்டாவது, குடி முறை. தாய் வழியாகக் குடி வருவது, பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது, கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடி பார்த்துப் பொறுப்புக் கொடுப்பது. இவை கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருந்தவை, பலவும் இன்னும் இருப்பவை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்து 2008இல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். நமது பதிவுகளில் இது எத்தனை வருகிறது? அருமை. ஏனென்றால் இதை வைத்து யாரையும் தோற்கடிக்க முடியாது. நம் உம்மாமாரும் அம்மாமாரும் வீடு கட்டக் கடன்பட்ட கதை, அதனால் பட்ட சுமை, அதனால் பெண்ணுக்குக் கிடைத்த பலம், எல்லாம் எழுதப்படாமல் கிடக்கிறது.

இப்போது கொஞ்சம் கனமான விடயம். எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஆகஸ்ட் 11, 12, ஏறாவூர். செப்டெம்பர் 5, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாம். செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான். ஒரே மாவட்டம், 38 நாட்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். முதல் இரண்டிலும் போனவர்கள் முஸ்லிம்கள். பின் இரண்டிலும் தமிழர்கள். முகாமில் இருந்து கொண்டு போகப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்த நாட்கள் வரும்போது பதிவுகள் வருகின்றன. வரத்தான் வேண்டும். ஆனால் நமது பிள்ளைகளின் போனில் முதல் இரண்டு தேதி மட்டும் வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் போனில் பின் இரண்டு தேதி மட்டும் வருகிறது. ஒரே வாவியின் தண்ணீரைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஒரே வருடத்தின் வேறு வேறு பாதியை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு பாதியிலும் எழுதப்பட்டிருப்பது உண்மைதான். அதுதான் ஆபத்து. பொய்யாக இருந்தால் ஒரு நாள் பிடிபடும். பாதி உண்மை பிடிபடாது. வளர்ந்து பெரிதாகும்.

பாடப்புத்தகம் இதைச் சரிசெய்யும் என்று காத்திருக்க முடியாது. சாதாரண தரத்துக்கு வரலாறு கட்டாய பாடம். பிள்ளைகள் அநுராதபுரத்துக் குளங்களையும் பொலன்னறுவைக் கட்டடங்களையும் நன்றாகப் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். தாம் நிற்கும் மண்ணைப் பற்றிக் கிடைப்பது ஓரிரு வரிதான். மிச்சத்தை அவர்களுக்குப் படிப்பிப்பது நாம் பகிரும் பதிவுகள். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாம் ஒவ்வொருவரும் வரலாற்று ஆசிரியர்தான். சம்பளம் மட்டும் இல்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

எழுதுபவர்களிடம்: ஒவ்வொரு பதிவின் அடியிலும் "இது எனக்கு எப்படித் தெரியும்" என்று ஒரு வரி எழுதுங்கள். "மூத்தவாப்பா சொன்னது" என்றால் அப்படியே எழுதுங்கள், அதில் வெட்கம் இல்லை. நூலில் இருந்து எடுத்தால் நூலின் பெயரைப் போடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்துச் சாம்பலாக்கிய நாட்டில் இது சின்னக் காரியம் அல்ல. நம் பகுதி நூல்களைத் தேடுபவர் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். வீட்டில் பழைய மலர், பழைய சஞ்சிகை இருந்தால் கறையான் தின்ன முன் அவர்களைப் போன்றவர்களிடம் சேருங்கள்.

குழு நடத்துபவர்களிடம்: ஒரு நல்ல பதிவின் கீழ் சண்டை தொடங்கினால் பதிவை நீக்காதீர்கள். நினைவு எழுதிய பெரியவர் என்ன பாவம் செய்தார்? சண்டைக்கு வேறு இடம் கொடுங்கள்.

வாசிப்பவர்களிடம்: பரபரப்பான பதிவுக்குக் கீழே 300 பின்னூட்டம், ஒரு கிழவியின் தறிக் கதைக்கு 4. நாம் எதற்குக் கை கொடுக்கிறோமோ அதுதான் நாளை அதிகம் எழுதப்படும். கை நெசவு, பன்பாய், கூத்து, சீனடி, மீன்பிடி வலைகளின் பெயர்கள், பறங்கியர் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் போர்த்துக்கீசப் பேச்சு, இவற்றை எழுதுபவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் அடுத்ததை எழுதுவார்.

சக ஆசிரியர்களிடம்: பிள்ளைகளிடம் செயற்றிட்டம் கேட்கும்போது இணையத்தில் இருந்து இறக்கிய நான்கு பக்கத்தை வாங்காதீர்கள். வீட்டில் வயதில் மூத்த ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெயர், வயது, ஊர், கேட்ட தேதி கட்டாயம்.

கேள்விக்கு யோசிக்க வேண்டியதில்லை, ஒன்றை நானே தருகிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளி. அந்தக் காற்று இனம் பார்க்கவில்லை, பள்ளி கோயில் சேர்ச் பார்க்கவில்லை. தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. அன்று 20 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 65ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஜனாஸா அறிவித்தலிலும் மரண அறிவித்தலிலும் அவர்களில் சிலரின் பெயரைப் பார்க்கிறோம்.

இன்றிரவு சாப்பிட்ட பிறகு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: அந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் வீட்டில் ஒதுங்கினீர்கள், விடிந்த பிறகு யார் சோறு கொண்டு வந்தார்கள்? சொன்னதை அப்படியே, அவர் பேச்சிலேயே, அவரது அனுமதியோடு பெயர் போட்டு எழுதுங்கள். எழுத நேரம் இல்லாதவர் குரலையாவது பதிந்து வையுங்கள்.

முடிந்தால் இந்தப் பதிவின் கீழேயே போடுங்கள். தமிழ், முஸ்லிம், பறங்கியர் எல்லோரும் போடுங்கள். வாசிக்க நான் இருக்கிறேன்.